ஞானாம்பிகையின் கிணற்றுக் கெண்டைகள்

எங்கள் ஒழுங்கைக்கு மேலே குண்டு போடுகிற பொம்மர் வந்தால் கடைசியாக அறிகிறவள் ஞானாம்பிகைதான். வானத்தில் இரைச்சல் கிளம்பும், நாய்கள் ஊளையிடும், என் மனைவி இரத்தினம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு பங்கர்க் குழிக்குள் விழுவாள். ஞானாம்பிகை அப்போதும் முற்றத்தில் குந்தியிருந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். காது கேட்காதவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

அவள் பிறவிச் செவிடல்ல. எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் சண்டிலிப்பாயில் பாதிச் சனம் கோயில் மடத்தில் ஒதுங்கியிருந்தபோது, மடத்து மதிலோடு ஒரு செல் விழுந்து வெடித்தது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. எழுந்து சீலையைத் தட்டிவிட்டு, "ஏன் எல்லாரும் பேசாமல் நிக்கிறியள்?" என்று கேட்டாள். சுற்றிவர எல்லோரும் அழுது குழறிக்கொண்டிருந்தோம். நானும் அந்த இடத்தில்தான் நின்றேன்.

அதன் பிறகு அவள் கதைப்பதை மறக்கவில்லை. தன் குரலின் அளவைத்தான் மறந்தாள். கோயிலில் கத்துவாள், சந்தையில் குசுகுசுப்பாள். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று பிடித்துக்கொள்வாள். தொண்ணூறாம் ஆண்டு சண்முகநாதன் அவளைக் கல்யாணம் செய்தான். நல்ல பெடியன். கிளாலிக் கடலைத் தாண்டிப் போய் அங்காலிருந்து சைக்கிளில் சாமான் கட்டி வருகிற தொழில். போனால் பத்து நாளைக்கு ஆளைக் காண முடியாது. தொண்ணூற்றிரண்டு ஆனியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தர்சிகா என்று பெயர் வைத்தார்கள்.

பயம் அதோடுதான் தொடங்கியது. அதுவரை பொம்மர் வந்தால், "போட்டால் போடட்டும், எனக்கென்ன" என்று இருந்தவள். பிள்ளை பிறந்தபின் அவளுக்கு ஒரே எண்ணம்தான்: பிள்ளை ஏணைத் தொட்டிலில் நித்திரையாக இருக்கும்போது பொம்மர் வரும், தான் அறியாமல் அடுப்படியில் நிற்பாள், பிள்ளை போய்விடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஓடி வானத்தைப் பார்ப்பாள். சோறு வடிக்கும்போதும் வாசலைப் பார்த்தபடி வடித்துக் கையைச் சுட்டுக்கொள்வாள். கழுத்து விறைத்துப் போய்த் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திருப்புவாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

எங்கள் வளவும் அவளுடைய வளவும் அடுத்தடுத்தவை. ஒருநாள் அவள் வேலிக்கூடாக ஒரு கயிறு விட்டாள். ஒரு நுனி எங்கள் குசினித் தூணான கப்பில், மற்ற நுனி தன் கையில். பொம்மர் வந்தால் இரத்தினம்மா இழுக்க வேண்டும். இரத்தினம்மாவும் ஓமென்று தலையாட்டினாள். முதல் பொம்மர் வந்த அன்றைக்குக் கயிறு கப்பிலேயே கிடந்தது, இரத்தினம்மா பங்கருக்குள் கிடந்தாள். குற்றம் சொல்லி என்ன? பயந்தவளுக்குத் தன் கால் எங்கே என்றே தெரியாது, கயிற்றையா தெரியும்? ஞானாம்பிகை கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஆண்டு மார்கழியில் நல்ல மழை. வழுக்கையாறு இரு கரையும் முட்டி ஓடியது. ஆறு என்று பெயர்தான், மழைக்கு மட்டும்தான் அது ஆறு; மற்றக் காலத்தில் மாடு மேயும். ஓடுகிற நாட்களில் எங்கிருந்தோ மீன் வந்துவிடும், பெடியள் வாளியோடு திரிவார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கும், நுளம்புக் குடம்பிப் புழுக்களைத் தின்னும் என்று நாலைந்து மீனைப் பிடித்துக் கிணற்றில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சண்முகநாதனும் விரல் நீளத்தில் ஒரு டசின் கெண்டைகளைக் கொண்டுவந்து எங்கள் பங்குக் கிணற்றில் விட்டான்.

பங்குக் கிணறு என்றால், இரு வளவுக்கும் எல்லையில் இருக்கும் ஒரே கிணறு. கிழமையில் நாலு நாள் இறைப்பு முறை எனக்கு, மூன்று நாள் அவர்களுக்கு. குடிக்கவும் குளிக்கவும் யாரும் எப்போதும் அள்ளலாம். மாரியில் தண்ணீர் மேலே வந்து கையெட்டும் தூரத்தில் நிற்கும். கெண்டைகள் வெயிலுக்கு மேலே மிதக்கும். ஞானாம்பிகை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவற்றுக்குச் சோற்றுப் பருக்கை போடுவாள்.

தைப் பொங்கலுக்கு முதல் கிழமை அவள் என்னிடம் வந்தாள். முகத்தில் ஒரு பதற்றம்.

"ஏரம்பண்ணை, பொம்மர் வரேக்கை மீன் எல்லாம் கீழை போகுது. மூண்டு தரம் பாத்திட்டன்."

நான் சிரித்தேன். எனக்கு எதையும் சிரித்துத் தள்ளுகிற பழக்கம் உண்டு. அதனால் பட்டதும் உண்டு. "மீனுக்கு ஆர் சொன்னது பொம்மர் எண்டு?" என்று வாயை அகலத் திறந்து கேட்டேன்.

"ஆர் சொன்னால் என்ன, அதுகள் போகுதுகள்" என்றாள்.

சரி, பார்த்துவிடுவோம் என்று அன்று பின்னேரம் கிணற்றுக் கட்டில் போய்க் குந்தினேன். முதலில் குனிந்து, என்னால் முடிந்தமட்டும் கத்தினேன். ஒரு மீனும் அசையவில்லை. வீட்டில் என் பேச்சுக்கு இருக்கிற மதிப்புத்தான் கிணற்றிலும். பிறகு இரும்பு அலவாங்கை எடுத்துக் கட்டிலிருந்து ஆறடி தள்ளி நிலத்தில் ஓங்கிக் குத்தினேன். கண் மூடித் திறக்க முன்னம் பன்னிரண்டும் அடியில். எனக்கே மயிர் கூச்செறிந்தது. அவை மெல்ல மேலே வந்தபின் மீண்டும் குத்தினேன், மீண்டும் போயின. விளையாட்டுப் பிடித்துப்போய் விடாமல் குத்திக்கொண்டிருந்தேன். பத்தாவது தடவை பாதித் தூரம்தான் போயின. பதினைந்தாவது தடவை வாலை மட்டும் ஆட்டிவிட்டு அங்கேயே நின்றன. அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பதினைந்தாவது குத்தை மறக்க வேண்டாம். நான்தான் மறந்தேன்.

அந்தத் தை மாதத்தில் பொம்மர் நாலு தடவை வந்தது. இரண்டு தடவை நானும் கிணற்றடியில் நின்று பார்த்தேன். மீன் என் காதை விடக் கொஞ்சம் பிந்தித்தான் அறிந்தது. எனக்கு மெல்லிய இரைச்சல் கேட்டு, ஐந்தாறு மூச்சு விட்டபின் அவை கீழே போயின. ஆனால் பங்கருக்குள் இறங்க அது தாராளம். பிற்பாடு வட்டுக்கோட்டையில் விலங்கியல் படிப்பித்த ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார்: கெண்டைச் சாதிக்கு வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு, அதிலிருந்து காது வரைக்கும் சின்னச் சின்ன எலும்புகள் தொடுத்திருக்கும், தண்ணீரிலும் நிலத்திலும் வருகிற அதிர்வைப் பை வாங்கிக் காதுக்குக் கொடுக்கும். மனிசர் மேலே நின்று கத்தினால் தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காதாம். என் பேச்சுக்கு மதிப்பில்லாத காரணம் அதுதான்.

ஞானாம்பிகை தன் சீவியத்தையே கிணற்றடிக்கு மாற்றினாள். கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்டு, அதன் கூரை வளைமரத்தில் ஏணையைக் கட்டினாள். சண்முகநாதன் வந்து நின்ற இரண்டு நாளில் அங்கேயே ஒரு பங்கர் வெட்டிக் கொடுத்தான். உரிப்பது, கிள்ளுவது, புடைப்பது எல்லாம் கிணற்றைப் பார்த்தபடிதான். மீன் கீழே போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிடுவாள். இரத்தினம்மாவை முந்திக்கொண்டு அவள் இறங்கிய நாளும் உண்டு. ஒரு மாதத்தில் கழுத்து நோ குறைந்தது, முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஒருநாள் பிள்ளையோடு சேர்ந்து சிரித்ததைக் கண்டேன். அவள் சிரிப்பதைப் பார்த்து ஐந்து வருடமிருக்கும்.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. எனக்கு ஆறு பரப்பு நிலத்தில் வெங்காயம், கிழங்கு வைக்கிற பருவம். மண்ணெண்ணெய் இல்லாமல் எல்லோருடைய இறைப்பு மிசினும் கொட்டிலில் தூங்கிய காலம் அது. நானும் இரத்தினம்மாவும் துலாவில் இறைத்து இறைத்துக் கை கொப்பளித்தோம். ஆறு பரப்பு எங்கே, துலா எங்கே? தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து இரத்தினம்மாவின் தம்பி எங்கோ தேடி இரண்டு கலன் மண்ணெண்ணெய் கொண்டுவந்தான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. மிசினைத் துடைத்துக் கிணற்றுக் கட்டில் பூட்டி, குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி, சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தேன். வெடித்துக்கொண்டு கிளம்பியது. ஒழுங்கையே கேட்டிருக்கும்.

மீன்கள் ஒரே பாய்ச்சலில் அடிக்குப் போயின. ஞானாம்பிகை மீனைப் பார்த்தாள், பிள்ளையை அள்ளிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தாள். பிறகு தலையை நீட்டி மிசினைக் கண்டு விளங்கிக்கொண்டாள். ஆனாலும் வெளியே வரவில்லை. மீன் கீழேயே நின்றதால், மிசினுக்குப் போனதா பொம்மருக்குப் போனதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அன்று பகல் முழுக்கப் பங்கருக்குள் இருந்தாள்.

இரண்டாம் நாள் மதியம் மீன்கள் மேலே வந்து, அதிர்கிற குழாயைச் சுற்றி ஒன்றும் நடக்காதது போல நீந்தின. மூன்றாம் நாள் காலை, நான் மிசின் போட முதலே, அவள் வாளியைத் தண்ணீரில் தொப்பென்று போட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அலவாங்கை எடுத்து நிலத்தில் குத்தினாள். அசையவில்லை. நான் கயிற்றை இழுத்து மிசினை ஓட விட்ட கையோடு அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, மீனுக்குக் காது போச்சுது. மிசினை நிப்பாட்டுவியளோ? ரெண்டு மூண்டு நாள் விட்டால் சரி வரும்."

எனக்குப் பதினைந்தாவது குத்து அப்போதாவது நினைவு வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். வந்ததை ஒதுக்கிவிட்டு வெங்காயத்தைக் கையால் காட்டினேன்.

"காயுது பாரன். நாளையோடை என்ரை முறை முடியுது. நாளைக்கு மட்டும் பொறு. பொம்மர் வந்தால் நான் சொல்லுறன்."

சொல்லி, என் காதைத் தொட்டு, வானத்தைக் காட்டி, அவளைக் காட்டினேன். நான்தான் உனக்குக் காது என்று அர்த்தம். பெரிய வள்ளல் என்ற நினைப்பு.

அவள் உடனே போகவில்லை. மிசினின் எண்ணெய்த் தாங்கியில் உள்ளங்கையை வைத்தாள். அது கையைத் தூக்கித் தூக்கி அடித்தது. கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"உது ஓடேக்கை உங்களுக்குக் கேக்குமோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வந்தது. அடுத்த ஆளின் மிசினை நிப்பாட்டச் சொல்லி, அதற்கு மேல் விசாரணை வேறா? "எனக்கென்ன, உன்னைப் போலை செவிடோ?" என்றேன். அவளுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

நாலாம் நாள் காலை பத்து மணியிருக்கும். மிசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அறுபதடி தள்ளி வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை கொட்டிலுக்குள் ஏணையில் நித்திரை. ஞானாம்பிகை வாசலில் இருந்து வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் கிணற்றுப் பக்கம் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தாள் நறுக்குவாள், தலை நிமிர்த்தி என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவேன். மறுபடி நறுக்குவாள். அப்படி ஒரு பார்வையை இதற்கு முன் யாரும் என்மேல் வைத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். மிசின்தான் கேட்டது. அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது, இதை ஓட விட்டுக்கொண்டு நான் எதையும் கேட்கப் போவதில்லை என்று. இன்னும் அரை மணித்தியாலத்தில் கடைசிப் பாத்தியும் நிரம்பிவிடும் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து தண்ணீர் அள்ளக் கிணற்றுக் கட்டுக்கு வந்தாள். துலாக்கொடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, முகம் சேற்றுக்குள். நிலம் என்னைத் தூக்கிப் போட்டிருந்தது. எழுந்தபோது அங்கால் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்திலிருந்து கரும்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பொம்மர் இரண்டு தரம் சுற்றியதாம். பங்கர் வாசலில் நின்று எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிந்ததாக இரத்தினம்மா பிறகு சொன்னாள். மிசின் குழாயால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மிசின் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. என் வாயைத் திறந்து கத்தினேன். அதுவும் இல்லை.

கொட்டில் இருந்த இடத்தில் கிடுகும் தடியும் முறிந்த மாங்கொப்பும் குவிந்து கிடந்தன. ஞானாம்பிகை அதன் முன்னால் நின்றாள். முழங்கையால் இரத்தம் வழிந்தது. குனிந்து ஒரு கிடுகைத் தூக்கினாள், போட்டாள், மற்றப் பக்கம் ஓடினாள், நின்றாள். எங்கே தோண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடிவந்த என் தோள் இரண்டையும் பிடித்தாள். அவளுடைய வாய் அசைந்தது. அவள் எங்கள் வாயைப் பார்த்து அறிவது போல, நான் முதன்முதலாக ஒருவரின் வாயைப் பார்த்து அறிந்தேன்.

"அழுகுதோ? எந்தப் பக்கம்?"

நான் தலையை இரு பக்கமும் ஆட்டினேன். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லத்தான் ஆட்டினேன். அவள் அதைப் பிள்ளை அழவில்லை என்று எடுத்துக்கொண்டாள். அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அந்தக் குழறல் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இதைச் சொல்ல உயிரோடு இருப்பேனோ தெரியாது. அவசரமாக என் இரண்டு காதையும் பொத்திக் காட்டினேன். கையை விரித்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். தோளை விட்டாள்.

பிறகு அவள் என்னை நம்பி நிற்கவில்லை. முழங்காலில் இருந்து, குவியலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தாள். எடுத்து அடுத்த கிடுகில் வைத்தாள். நான் மற்றப் பக்கத்தில் கண்மண் தெரியாமல் இழுத்தெறிந்துகொண்டிருந்தேன். அவள் என் காலில் ஓங்கி அடித்து, அசையாதே என்று காட்டினாள். நான் எழுப்பும் அதிர்வுகூட அவளுக்கு இடைஞ்சல். போய் மிசினை நிற்பாட்டினேன். முந்தின நாள் அவள் கேட்டதை அப்போதுதான் செய்தேன். திரும்பி வந்தபோது அவள் மாங்கொப்புக்குக் கீழே ஒரு வளையைத் தொட்டபடி உறைந்து போயிருந்தாள். அந்த வளையிலிருந்துதான் ஏணை தொங்கியது. அவள் வாய், "இஞ்சை" என்றது.

கொப்பை நான் தூக்கினேன், அவள் கிடுகுகளை உரித்தாள். வளை சரிந்து விழுந்து ஒரு குடில் போல நின்றிருந்தது. அதற்குள் பிள்ளை மண்ணால் மூடி, நெற்றியில் ஒரு வெட்டோடு கிடந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஞானாம்பிகை வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்தாள். நெஞ்சில் கன்னத்தை வைத்தாள். பிள்ளையின் கை அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தது. நான் நிலத்தில் குந்திவிட்டேன்.

பின்னேரம் கெண்டைகள் எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. காற்றுப்பை வெடித்திருக்கும் என்றார் அந்த விலங்கியல்காரர். ஞானாம்பிகை வாளியால் ஒவ்வொன்றாக அள்ளி வாழையடியில் புதைத்தாள். அடுத்த மழைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

என் வலது காது மூன்றாம் நாள் திறந்தது. இடது காது போனது போனதுதான். சண்முகநாதன் ஒரு கிழமை கழித்து வந்து நடந்ததைக் கேட்டான். கோப்பாயில் இருக்கும் அவனுடைய தமக்கை வீட்டில் அவளைக் கொண்டுபோய் விடுவதாக முடிவு செய்தார்கள். அங்கே வீடு நிறைய ஆட்கள். போகிற அன்று காலை நான் அவர்கள் படலை வாசலுக்குப் போனேன். சண்முகநாதன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையோடு நின்றாள். பிள்ளையின் நெற்றியில் தையல்.

இரவிரவாக யோசித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். இனி அந்தக் கிணற்றில் மிசின் வைக்க மாட்டேன் என்றேன். ஆறு ஓடும்போது நானே மீன் பிடித்து விடுவேன் என்றேன். "வெங்காயத்துக்கு ஆசைப்பட்டிட்டன் ஞானம். என்னிலை கோவமோ?" என்று கேட்டேன்.

அவள் என் வாயை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிசின் போட்டதுக்கு நான் கோவிக்கேல்லை அண்ணை. காஞ்சால் நீங்களும் என்ன செய்யிறது. 'உது ஓடேக்கை எனக்கும் கேக்காது' எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாம். நான் வானத்தைப் பாத்திருப்பன்."